புல் கொடுத்த கை

சித்தூர்
20 ஜூலை 2025

சிரஞ்சீவி கோவிந்துக்கு,

அக்கா வஸுமதி அநேக ஆசீர்வாதம். ஆசீர்வாதம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மா பழக்கிவிட்ட பழக்கம், அதனால் எழுதுகிறேன். மற்றபடி உன் மேல் எனக்கு இருப்பது கோபம், வேறொன்றும் இல்லை.

நேற்று உன் தியான முகாம் வாசலுக்கு வந்தேன். முனிசாமியின் ஆட்டோவில் வந்து சந்திரகிரி ரோடு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன். உன் செக்யூரிட்டி, "லோபல மௌனம் அம்மா. போன் லேது, விசிட்டர்ஸ் லேது" என்று கையை விரித்தான். உள்ளே மௌனமாம், போனும் பேசக்கூடாதாம், யாரையும் பார்க்கவும் கூடாதாம். ஸ்ரீவல்லியைப் பெற்ற தாய் வந்திருக்கிறேன் என்றேன். எதுவானாலும் லெட்டர் எழுதிப் போடுங்கள், குருஜி படிப்பார் என்றான். குருஜி! உனக்கு மூக்கு துடைத்துவிட்டவள் நான்.

முனிசாமிதான் ஆட்டோ சீட்டின் மேல் ஏறி மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். "பாப்பா ஜன்னலாண்ட குந்திக்கினு கீதும்மா. எளச்சிப் பூட்சு. நீ கூவுறது அதுக்குக் கேக்குது, ஆனா திரும்பவே மாட்டேங்குது" என்றான். இருபத்துமூன்று வயசுப் பெண், அம்மா குரலுக்குத் திரும்பமாட்டேன் என்கிறாள். அவளுக்கு என்னடா சொல்லி வைத்திருக்கிறாய்?

ஸ்ரீவல்லி ஸ்ரீ சிட்டி கம்பெனி வேலையை விட்டதே அவளோடு தடாவில் தங்கியிருந்த பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாமானை நீயே வேனில் ஏற்றிக்கொண்டு போனாயாம். தாய்மாமன் செய்கிற வேலையா இது?

இன்னொன்று. அவள் அப்பா ஆசார்யன் திருவடி அடைந்து வருஷம் திரும்பப் போகிறது. ஆவணி சுக்ல தசமி, செப்டம்பர் 2. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்கிற உரிமை என்னுடையது. தர்ப்பைப் புல்லை என் கையிலிருந்து நீ வாங்கிக்கொண்டு, எனக்குப் பதிலாகக் காரியம் செய்கிற கர்த்தாவாக உட்கார்ந்தாய். புல் வாங்கினவன் வருஷாப்திகம் வரை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தெரியாதா? சன்னிதித் தெருவில் பிறந்தவன்தானே? பாதி வருஷம் மாசாமாசம் வந்து மாஸ்யம் பண்ணினாய். முகாம் ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டாய். முரளி வாத்தியார் மாசாமாசம் போன் பண்ணி, "கர்த்தா எப்போ வரார் மாமி?" என்று கேட்கிறார். எனக்குத் தலைகுனிவாக இருக்கிறது.

என் பெண்ணை அனுப்பு. தசமிக்கு நீயும் வந்து சேர்.

வஸுமதி


திருப்பதி
26 ஜூலை 2025

அன்பான அக்காவுக்கு,

கோவிந்தின் ஆத்ம வணக்கம். நீ நலமாக இருக்கிறாய் என்ற எண்ணத்தையே உனக்கு அனுப்புகிறேன். எண்ணம்தான் உண்மையாகிறது.

உன் கடிதம் முழுக்கக் கோபத்தின் அதிர்வு. ஆனால் யோசித்துப் பார். எட்டாம் வகுப்பில் என்னை உட்காரவைத்து, ஆற்றலை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது என்று சொல்லிக்கொடுத்தவள் நீதான். நான் அதைத்தான் இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன். பிரக்ஞையும் ஆற்றல்தானே? அத்திம்பேர் எங்கே போவார்? பின்னிப்பிணைந்த இரண்டு துகள்களை உலகத்தின் இரண்டு கோடியில் வைத்தாலும் ஒன்றுக்கு ஆவது மற்றதற்குத் தெரியும். அப்பாவும் பெண்ணும் அப்படித்தான்.

ஸ்ரீவல்லியை நான் இழுத்து வரவில்லை. அழுதுகொண்டு அவளாக வந்தாள். எங்களிடம் குவாண்டம் பெட்டி இருக்கிறது. ஒரு பெட்டி பீடத்தில், அத்திம்பேரின் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில். இன்னொன்று அவள் மடியில். கேள்வியை மனதில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் பச்சை எரியும், இல்லாவிட்டால் சிவப்பு. பச்சை ஆமாம், சிவப்பு இல்லை. அவள் தினமும் அப்பாவோடு பேசுகிறாள் அக்கா. முகத்தில் எவ்வளவு அமைதி தெரியுமா?

வருஷாப்திகம் பண்ணலாமா என்று அவளையே கேட்கச் சொன்னேன். சிவப்பு. அத்திம்பேரே வேண்டாம் என்றுவிட்டார். இருக்கிறவருக்கு யாராவது திதி கொடுப்பார்களா? முரளி வாத்தியாரிடம் சொல்லிவிடு.

என்றும் உன்னோடு பிணைந்த,
கோவிந்த்


சித்தூர்
1 ஆகஸ்ட் 2025

கோவிந்துக்கு,

அவருடைய மூக்குக் கண்ணாடியை நான் பத்து மாசமாக வீடெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறேன். பீரோவைக் கவிழ்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி அந்த நர்ஸ் பெண்ணைத் திட்டினேன். நீ எடுத்துக்கொண்டு போய்ப் பீடத்தில் வைத்திருக்கிறாய்! திருட்டு ராஸ்கல்!

அத்திம்பேரே வேண்டாம் என்றுவிட்டாராம். மனுஷன் உயிரோடு இருந்தபோது ஒரு நாள் அமாவாசைத் தர்ப்பணம் விட்டதில்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் பம்ப்படியில் நின்று பண்ணியிருக்கிறார். அவர் தன் வருஷாப்திகத்தை வேண்டாம் என்பாரா? உன் பெட்டிக்குள் இருப்பது ஒரு டையோடு. அதன் மின் இரைச்சலில் பச்சையும் சிவப்பும் மாறிமாறி வரும். நாணயம் சுண்டுவதற்கு இவ்வளவு ஒயரா?

கேட்டுக்கொள். முப்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறேன். துகள்கள் பின்னிக்கொள்வது நிஜம். எனக்கே இன்றைக்கும் அது ஆச்சரியம்தான், அதை நினைத்தால் கை கூப்பத் தோன்றும். ஆனால் அது வழியாக ஒரு சேதி, ஒரு ஆமாம், ஒரு இல்லை கூட அனுப்ப முடியாது. அடுத்தது, பார்த்தால் துகள் மாறுகிறது என்று மேடையில் கண்ணை உருட்டுகிறாயே, அங்கே பார்ப்பது என்றால் மனுஷக் கண் இல்லையடா. துகள் எதன் மேலாவது பட்டுத் தடம் விட்டால் போதும். லேபைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனாலும் கருவி பதிந்துகொண்டேதான் இருக்கும்.

இதை அன்றைக்கு ஐ.சி.யூ. வாசலில் உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாள் தூங்காமல் இருந்தேன், வாய் வரவில்லை. "அக்கா, நீ பயந்துண்டே அந்த ஸ்கிரீனைப் பாக்கறே, உன் பார்வைதான் நம்பரை எறக்கறது. வெளிய போய்க் கண்ண மூடிண்டு அவர் எழுந்து ஒக்காந்திருக்கற மாதிரி பாரு" என்று தோளைப் பிடித்து வெளியே தள்ளினாய். நான் காரிடாரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து தொட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் கடைசியாக மூச்சு விட்டபோது கையைப் பிடித்துக்கொள்ள நான் பக்கத்தில் இல்லை. இதை உனக்கு எந்த ஜன்மத்திலும் மன்னிக்கமாட்டேன்.

பெருமாளை நான் தினமும் ஸேவிக்கிறேன். அதற்குப் பிசிக்ஸிடம் போய் சிபாரிசு கேட்டதில்லை. பிசிக்ஸ் கிளாஸில் பெருமாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டதும் இல்லை. நீ இரண்டையும் குழப்பி இரண்டுக்கும் அவமானம் தேடி வைக்கிறாய்.

தைரியம் இருந்தால் ஒன்று செய். ஒரே கேள்வியை அந்தப் பெட்டியிடம் இருபது தடவை கேள். அப்புறம் எனக்கு எழுது.

வஸுமதி


திருப்பதி
12 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் கடிதத்தை நேற்று ஸத்ஸங்கத்தில் எல்லோருக்கும் வாசித்தேன். ஐ.சி.யூ. விஷயம், பெட்டி விஷயம், எதையும் விடவில்லை. படிப்பு ஒரு ஆத்மாவை எப்படிப் பூட்டிவைக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் கிடைக்காது. பெயரையும் சொன்னேன், ஒளிக்க என்ன இருக்கிறது? எல்லோரும் உனக்காகக் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்தார்கள். ஸ்ரீவல்லியும்தான்.

இருபது தடவை கேட்பது அவநம்பிக்கை. அவநம்பிக்கையே பதிலைக் கெடுத்துவிடும்.

திருடன் என்று எழுதிவிட்டாய். சரி, ஒன்று கேள். அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயசு. அந்த வருஷப் பிரம்மோத்ஸவத்தில் கருட சேவை அன்று அந்தக் கூட்டத்தில் என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, "தெரியறதாடா? நன்னா பாரு, நான் கீழ விடமாட்டேன்" என்றவர் அத்திம்பேர். விடிகிற வரை இறக்கவில்லை. உனக்குப் புருஷன் போனான், உன் துக்கத்தை ஊரே விசாரிக்கிறது. என்னை யாராவது கேட்டார்களா? ஒவ்வொரு மாஸ்யத்திலும் வாத்தியார் "பிரேதஸ்ய" என்று அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வார். அந்த வார்த்தை என் வாயில் வராது. ஆறு தடவை சொன்னேன். ஏழாவது தடவை சொல்லமாட்டேன். அவர் இருக்கிறார். இல்லை என்று சொல்கிற சடங்கில் நான் உட்காரமாட்டேன்.

தசமிக்கு வரமாட்டேன். எழுதித் தொந்தரவு பண்ணாதே.

கோவிந்த்


சித்தூர்
16 ஆகஸ்ட் 2025

கோவிந்துக்கு,

என் புருஷன் செத்த கதையை மைக்கில் படித்தாயா? நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை, முன்பின் தெரியாதவர்களுக்கு, உதாரணமாக?

உன் துக்கம் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? தெரியும். தெரிந்துதான் வேறு யாரையும் தேடாமல் உன் கையில் புல் கொடுத்தேன். நீ அழுதிருந்தால் நானும் கூட உட்கார்ந்து அழுதிருப்பேன். நீ அழாமல் கடை போட்டாய். என் பெண்ணைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாய்.

வஸுமதி


திருப்பதி
28 ஆகஸ்ட் 2025

அக்கா,

ஸ்ரீவல்லி அங்கே வந்தாளா? நேற்று மத்தியானம் தியானத்தின் நடுவில் எழுந்து போய்விட்டாள். பெட்டியை என் காலடியில் வைத்துவிட்டு, கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். "மாமா, இது அப்பாவோடது, நான் எடுத்துண்டு போறேன்" என்றாள். மௌனம், வெளியே போகக்கூடாது என்று கேட்டில் சொன்னதற்கு, செக்யூரிட்டியைத் தெலுங்கில் என்னென்னவோ திட்டியிருக்கிறாள். அவள் போனபின் இன்னும் நாலைந்து பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். போன் போட்டால் நீ எடுக்கமாட்டேன் என்கிறாய்.

வந்து சேர்ந்தாள் என்று ஒரு வரி எழுது. எனக்குத் தூக்கம் இல்லை.

அப்புறம் அக்கா, தசமிக்கு நான் வரட்டுமா? வந்து பேசாமல் உட்கார்ந்து பண்ணிவிட்டுப் போகிறேன். வா என்று நீ சொன்னால் போதும்.

கோவிந்த்


சித்தூர்
3 செப்டம்பர் 2025

கோவிந்துக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே கிடைத்தது. வேண்டுமென்றுதான் பதில் போடவில்லை. வந்து சேர்ந்தாளா இல்லையா என்று தெரியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று நீயும் கொஞ்சம் தெரிந்துகொள்.

வந்தாள். பஸ் ஸ்டாண்டில் முனிசாமி பார்த்து, காசு வாங்காமல் கொண்டுவந்து விட்டான். "பாப்பா வந்துட்சும்மா, மொதல்ல சோறு போடு" என்றான். இரண்டு தட்டு மோர்சாதம் சாப்பிட்டுவிட்டு, நான் கேட்காமலே சொன்னாள். எதற்காக அன்றைக்கு என் குரலுக்குத் திரும்பவில்லை என்று.

முகாமுக்கு வந்த முதல் வாரமே உன் பெட்டியிடம் கேட்டிருக்கிறாள். "அப்பா, கடைசியில அம்மா உங்க பக்கத்துல இல்லாததுக்கு அம்மா மேல உங்களுக்குக் கோபமா?" பச்சை எரிந்திருக்கிறது. அந்த ஒரு பச்சை விளக்கை நம்பி இத்தனை மாசம் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் இருந்திருக்கிறாள். என்னை வெளியே தள்ளினது நீ என்பதே அவளுக்குத் தெரியாது. நீ மைக்கில் படித்துத்தான் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு உபகாரத்துக்கு உனக்கு நன்றி.

அதற்கப்புறம் போர்வைக்குள் பெட்டியை வைத்துக்கொண்டு, அதே கேள்வியை நான் சொன்னபடி திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். பச்சை, சிவப்பு, சிவப்பு, பச்சை. பாதிக்குப் பாதி. தினமும் கேட்டுப் பார்த்திருக்கிறாள், தினமும் அப்படியே. "அப்பா ஒரு தடவை சொன்னதை மாத்திச் சொன்னதே இல்லையேம்மா. அது அப்பா இல்லை" என்று சொல்லிவிட்டு அழுதாள் பார், முகாமில் இருந்த நாளெல்லாம் அழாததைச் சேர்த்து அழுதாள். அவளுக்கு அன்றைக்குத்தான் அப்பா செத்தார். பெட்டியில் இத்தனை நாள் அவரை இழுத்துப் பிடித்துவைத்து, அவளிடமிருந்து இரண்டாம் தடவையாகப் பிடுங்கினாய்.

நேற்று வருஷாப்திகம் ஆயிற்று. முரளி வாத்தியார் வந்ததும் கர்த்தா எங்கே என்றுதான் கேட்டார். கோவிந்துக்குக் கொடுத்த புல்லைத் திருப்பி வாங்கிக்கொண்டாயிற்று, நானே உட்காருகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "உரிமை உங்களோடதுதானே மாமி. மந்திரம் நான் சொல்றேன், புல்லை நீங்க பிடிச்சுக்கோங்கோ" என்று மணையைப் போட்டார். ஸ்ரீவல்லி பக்கத்தில் உட்கார்ந்து எள்ளும் தீர்த்தமும் எடுத்துக் கொடுத்தாள். உன்னால் சொல்ல முடியாது என்ற அந்தப் பிரேதம் என்கிற வார்த்தை நேற்று வரவில்லை கோவிந்த். வருஷம் திரும்பினால் அந்த வார்த்தை போய்விடும், அவர் பித்ருக்களோடு சேர்ந்துவிடுவார். அதற்காகத்தான் அந்தச் சடங்கே. இன்னும் ஆறு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த வார்த்தையிலிருந்து அவரை நீயே விடுவித்திருக்கலாம்.

பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. நீ பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றதை நான் மணையிலிருந்து பார்த்தேன். ஸ்ரீவல்லி எழுந்திருக்கப் பார்த்தாள். நான் உட்கார் என்றேன். நான் கூப்பிடுவேன் என்று நீ எவ்வளவு நேரம் நின்றாயோ தெரியாது. நான் கூப்பிடவில்லை. இனியும் கூப்பிடமாட்டேன். மேடையில் என் பெயரையும் அவர் பெயரையும் எடுக்காதே. இதுவே நான் உனக்கு எழுதுகிற கடைசிக் கடிதம்.

முடிகிற நேரத்தில் வாத்தியார், "கண்ண மூடிண்டு மாமாவ ஒரு தடவ நன்னா நெனச்சுண்டு ஸேவிச்சுக்கோங்கோ" என்றார். ஸ்ரீவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை நான் மூடவில்லை. கையிலிருந்த புல்லை அவிழ்த்துப் போடுகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வஸுமதி