தென்னேரிக்குப் போன படகு

11.6.1967
காலையில் எதிர்வீட்டுக் காமாட்சியம்மாள் வீட்டார் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மாட்டுவண்டியில் ஒரு படகு வருகிறது. எங்கள் வீட்டுக்கு! கஞ்சி காயுமுன் பாவை அவிழ்த்துச் சுருட்ட வேண்டியதாயிற்று.

"தறிக்காரன் வூட்ல படகு இன்னாத்துக்கு மங்க?" என்றாள் அந்தம்மா.

எனக்கு மட்டும் தெரியுமா? என் வீட்டுக்காரர் தென்னேரி ஏரிக்கரை பங்களாவில் ஏலத்தில் எடுத்தாராம். பாதிப் பலகை உளுத்த மரப்படகு. மானம் போகிறது.

2.7.1967
தெருப் பிள்ளைகள் அவரைக் 'கப்பக்காரரு' என்கிறார்கள். குழாயடிக்குப் போகவே கூசுகிறது. "வேகவதி ஆத்துல கணுக்கால் தண்ணி இல்ல, எங்க ஓட்டப் போறீங்க?" என்று கத்தினேன்.

"தென்னேரியிலதான். நான் சின்னப் பையனா இருந்தப்ப பங்களா வெள்ளக்காரத் துரை இதுலதான் போவாரு. ஏத்திக்கினு போங்கன்னு கேட்டேன், தொரத்தி வுட்டாங்க" என்றார்.

20.8.1967
இன்றும் தறியை விட்டுவிட்டுப் பலகை மாற்றினார்.

22.11.1967
இதை யாரிடமும் சொல்ல மாட்டேன். பலகை இடுக்கில் அடைக்கப் பஞ்சு திரித்துக் கொடுத்தது நான்தான் – கதவைச் சாத்திக்கொண்டு. தண்ணீர் புகாமலிருக்க மேலே தார் மாதிரிக் கீல் காய்ச்சி ஊற்றினார்.

"வெயில்ல காஞ்ச பலகை. எறக்குன உடனே ஒழுவும். ரெண்டு நாள் தண்ணியில ஊறுனா உப்பி மூடிக்கும். அப்புறம் மொதல்ல நீதான் ஏறணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

3.12.1967
தென்னேரியில் இறக்கினோம். வேடிக்கை பார்க்க எங்கள் தெருவே வந்திருந்தது. ஒழுகியது. முழங்கால் தண்ணீரில் நின்று அவர் மொண்டு ஊற்ற, கரையில் ஒரே சிரிப்பு. அந்த ஊர்ப் பெண் ஒருத்தி கேட்டாள், "யாரு படகுமா அது?"

"தெரியாது. எங்களுது இல்ல" என்றேன்.

அவர் பத்தடி தூரத்தில்தான் இருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். ஒழுகும் என்று எனக்குத் தெரியுமே! தெரிந்தும் சொன்னேனே, பாவி.

4.12.1967
வீட்டுக்கு வரவில்லை.

6.12.1967
சோறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். படகுக்குள் பொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் துடுப்புப் போட்டு வருவதைப் பார்த்ததும் அழுகை வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றேன்.

அவர் படகைக் கட்டினார். "கோதண்டபாணிக்குக் குடுத்துட்டேன். ஏரியில மீன் குத்தகை எடுத்திருக்கறவரு" என்றார்.

"ஏங்க?"

"நம்முது இல்லன்னு நீயே சொல்லிட்டியேமா."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சோற்றுத்தூக்கை வாங்கிச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நான் ஈரப் புடவையோடு நின்றேன். ஏறட்டுமா என்று எந்த வாயால் கேட்பது?

18.2.1968
காமாட்சியம்மாள் தென்னேரிக் கல்யாணத்துக்குப் போய் வந்தாள். படகில் ஏறினாளாம். தெருவில் எல்லாரும் பாவுக்குக் கஞ்சி போடும்போது உரக்கச் சொன்னாள்: "உங்க வூட்டு படகு இன்னாமா போவுது மங்க! உங்க வூட்டுக்காரரு கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

உள்ளே அவர் தறிச் சத்தம் நின்றது.

"எங்களுது இல்லமா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தறி மறுபடி ஓடியது.