அது உன் பயம் இல்லை, அக்கா

அக்கா,

இன்று காலை எனக்கு மூச்சிழுப்பு வந்து செங்கலடி ஆஸ்பத்திரியில் ஆவி மருந்து பிடித்தார்கள். முகமூடியைக் கழற்றியதும் கை நடுங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. உனக்கு அன்று வந்த அதே நடுக்கம். மருந்தின் பெயரைக் கேட்டேன். சல்புடமோல் என்றார் அங்கிருந்த இளம் டொக்டர். பிரசவ வலியை நிறுத்த ஏற்றும் மருந்துக்கும் இப்படி நடுங்குமா என்று கேட்டேன்.

"முந்தி குறைமாசத்துல வலி வந்தா, அதை நிப்பாட்ட இதைத்தான் சேலைனோட ஏத்துவாங்க. தாய்க்கு நெஞ்சு படபடக்கும். மருந்து வயித்துப் புள்ளைக்கும் போகும், அதட இதயமும் வேகமா ஓடும். பிறந்த பிறகு புள்ளைக்கு ரத்தத்துல சீனி இறங்கவும் கூடும். பாத்துக்கொண்டே இருக்கணும்."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் எழும்பவில்லை. அதற்குப் பிறகு நான் நடுங்கியது மருந்தினால் அல்ல.

வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில் சண்டை முடியப்போகும் காலம். ஏழாம் மாதத்தில் உனக்கு வலி வந்தது. எங்கள் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியில், வாவியைக் கடந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை வலியைப் பிடித்து வைக்க மருந்து ஏற்றினார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. அவர்களால் ஆனதைச் செய்தார்கள். ஆனால் படகுத் துறையில் காவல் நின்ற ஆமிக்காரர்கள் எங்களை மறித்தார்கள். பையைக் கொட்டினார்கள், சேலைன் போத்தலைத் தட்டிப் பார்த்தார்கள். படகு எங்களை விட்டுப் போனது, வந்தது, மறுபடியும் போனது. உன் உடம்புக்குள் மருந்து இறங்கிக்கொண்டே இருந்தது, நீ நடுங்கிக்கொண்டே இருந்தாய். நான் அழுதேன். "அழாத புள்ள, நான் அழுறனா?" என்றாய்.

அக்கரை ஆஸ்பத்திரியில் நேர்ஸ் உன் வயிற்றில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "புள்ளட இதயம் இப்பிடி ஓடுதே! தாய் பயந்தா புள்ளையும் பயப்படும்" என்றா. என்ன மருந்து ஏற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அன்று பின்னேரமே மகள் பிறந்தாள். துடித்துத் துடித்துக் கிடந்தவளுக்கு, வலிப்பு வந்த பிறகுதான் குதியில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். சீனி அடிமட்டத்தில் இருந்தது.

அவளுக்கு நடையும் பேச்சும் பிந்தின. உன் மாமி ஊரெல்லாம் சொன்னா: "துறையில ஆமிக்காரனக் கண்டு இவள் பயந்த பயம்தான் புள்ளட மூளையப் புடிச்சிட்டு." கிளினிக்கிலும் அதற்குத் தலையாட்டினார்கள். நீயும் நம்பினாய். மகள் ஒரு சொல்லுக்குத் தடுமாறும்போதெல்லாம் உன் முகம் செத்துப்போகும். கடைசிப் படுக்கையிலும், "நான் கொஞ்சம் தைரியமா இருந்திருக்கலாம்" என்றுதானே புலம்பினாய்?

இன்று அந்த டொக்டரை மறித்து நின்று, மகள் இப்படி ஆனது எதனால் என்று கேட்டேன்.

"இப்ப உறுதியாச் சொல்ல ஏலாது. குறைமாசமும் காரணமா இருக்கலாம், சீனி இறங்கினதும் இருக்கலாம். ஆனா தாய்ட பயம் இல்ல."

இந்த ஒரு வரியை உனக்குச் சொல்ல அத்தனை பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லையே! மறித்தவன் மறித்தான், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, எல்லாரும் சேர்ந்து பழியை உன் தலையில் போட்டார்கள்.

பஸ் பிடித்து நேரே உன் மாமி வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"செத்தவள்ட கதைய இப்ப ஏன் கிண்டுற?" என்றா.

"நீங்க கட்டின கதையோடதான் மாமி அவ செத்தா."

மாமி எழும்பி அறைக்குள் போய்விட்டா. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த உன் மகள் வெளியே வந்தாள். எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! சொற்களைத் தேடித் தேடிக் கேட்டாள்: "அப்ப... அம்மா... பயப்படல்லயா, சின்னம்மா?"

"இல்ல மகள். துறையில பயந்து அழுதது நான். உங்கட அம்மா அழவே இல்ல."

அவள் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. திரும்பவும் சொல்லச் சொன்னாள். அறைக்குள்ளும் கேட்கட்டும் என்று இன்னும் உரத்துச் சொன்னேன்.

இந்தக் கோபத்தை நான் ஆறவிடமாட்டேன், அக்கா. அவள் எத்தனை தரம் கேட்டாலும் அதே சத்தத்தில் சொல்ல எனக்கு இது வேண்டும்.