குறுக்கே தேய்த்த அலமாரி

காலையிலிருந்து வீடு முழுக்க வார்னிஷ் வாசனை. தேத்தூளும் கோப்பைகளும் வைக்கிற உன் அலமாரி, மலாக்காவின் கடல்காற்றில் வெளிறிப் போயிருந்தது. கோப்பைகளை எடுத்துப் பாய்மேல் அடுக்கிவிட்டு, மறுபடி மெருகேற்றுவதற்காகக் கதவைத் தேய்க்க உட்கார்ந்தேன். ஜன்னல் வெயிலில் மரத்தூள் மிதந்து மிதந்து இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், ரப்பர் தோட்டத்தில் நாம் இருந்த லயத்து வீட்டு வாசலுக்கு எப்போது போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. நீ போய் மூன்று தீபாவளி கழிந்துவிட்டது. இப்போதெல்லாம் கண்ணை மூடினால் இரண்டு எட்டில் அங்கே இருக்கிறேன்.

துரை பங்களாவில் கழித்துப் போட்ட இந்த அலமாரியை இருவரும் சுமந்து வந்தோமே, மேலெல்லாம் கறுத்த பிசுக்கு, ஒரு கதவு தொங்கல். எனக்கு அது விறகாகத்தான் தெரிந்தது. நீயோ அதற்கு முன்பே பாசார் சந்தையில் ஆறு பீங்கான் கோப்பைகள் வாங்கி வைத்திருந்தாய். "எங்கப்பா ஒரு நாளைக்கு இதுல தேத்தண்ணி குடிக்கணுங்க" என்றாய். அந்த ஓர் ஆசையைத் தவிர நீ என்னிடம் வேறெதையும் கேட்டதில்லை.

உன் அப்பா பட்டணத்தில் தச்சர். நான் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டுகிறவன், சாதியும் வேறு. நம் கல்யாணத்துக்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டு வண்டியில் உன்னைப் பார்க்க வருவார். வாசலுக்கு எதிரே பலா மரத்தடியில் உட்காருவார். தாகமெடுத்தால் கையோடு கொண்டுவந்த செம்பைத் திறப்பார். நம் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். அவர் போனபின் நீ அடுப்படியில் சத்தமில்லாமல் அழுவாய்.

அந்த ஞாயிறு அவர் வந்து உட்கார்ந்ததும், நீ அலமாரியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, உப்புத்தாளை என் கையில் கொடுத்து, "குறுக்கால தேயுங்க, அழுக்கு சீக்கிரம் போவும்" என்றாய். தினமும் மரத்தைக் குறுக்கே சீவிப் பழகிய கைக்கு அது சுலபமாக வந்தது. பத்து இழுப்புகூட ஆகவில்லை.

"யோவ், இது என்ன பால்மரமா? தேக்குய்யா! ரேகை ஓடுற வாக்குல தேய்க்கத் தெரியாதா?" என்று பாய்ந்து வந்து தாளைப் பிடுங்கினார் உன் அப்பா.

நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ உள்ளே போய்விட்டிருந்தாய். பாவம், தெரியாமல் சொல்லிவிட்டாய் என்று பழியை நானே ஏற்றுக்கொண்டேன்.

வெயில் ஏற ஏற அவர் தேய்த்தார். கறுப்பு உதிர்ந்து தேன் நிறத்தில் ரேகைகள் எழுந்து வந்தன. எல்லாம் கனவில் நடப்பதுபோல இருந்தது. நீ ஆவி பறக்கும் கோப்பையைக் கொண்டுவந்து அவர் முழங்கைப் பக்கம் வைத்தாய். மரத்திலிருந்து கண்ணெடுக்காமல் எடுத்துக் குடித்தார். பாதியில் கை நின்றது. கோப்பையைப் பார்த்தார். மீதியையும் குடித்துவிட்டு, "சீனி பத்தல" என்றார். சீனி எடுக்க நீ ஓடிய ஓட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

இன்று மத்தியானமும் அவர் வந்தார். மகள் இல்லாத வீட்டுக்கு மாதம் தவறாமல் வருகிறார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். "இப்பவாச்சும் வாக்கு பார்த்துத் தேய்க்கிறீங்களே மாப்ள" என்று கேலி செய்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் மூடி வைத்ததைச் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்குக் குறுக்கால தேய்க்கச் சொன்னதே உங்க மகதான் மாமா."

அவர் சிரித்தார். "தெரியுமே. பத்து வயசுலயே என் பட்டறையில மரம் தேய்ச்சவ. தெரியாமலா சொல்லியிருப்பா?"

"தெரிஞ்சுமா எழுந்து வந்தீங்க?"

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து மீதியைக் குடித்து முடித்தார்.

"வேற எப்படிப்பா வர்றது?" என்றார்.

கடைசிக் காய்ச்சலில் நீ, "அப்பாவ ஏமாத்திட்டேங்க" என்று முனகினாய். எதைச் சொல்கிறாய் என்று புரியாமலே அந்த வார்த்தையை மூன்று வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். இன்றுதான் புரிந்தது. நீ யாரையும் ஏமாற்றவில்லை. அவராகத்தான் எழுந்து வந்தார்.