சிவப்புத் தொப்பி, பச்சைத் தொப்பி

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட பச்சை டி-ஷர்ட் பறந்து பக்கத்து வீட்டுத் தகரத்தில் விழுந்துவிட்டது. போய்க் கேட்கக் கூச்சம். கடைசியில் அம்மாதான் வாங்கி வந்தது. "பதினெட்டு வயசாச்சு. ஒரு சட்டையக் கேட்டு வாங்க வாய் இல்ல."

அத்தாவுக்குக் கை இன்னும் ஆறவில்லை. பிரியாணிக் கடையில் அண்டா மூடியைத் திறந்து தம் உடைக்கும்போது ஆவி அடித்தது. முழங்கை வரை தோல் உரிந்து ரோஸ் நிறம். அண்டா தூக்க இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் நான் ஒருத்திதான்.

கடையில்:
மாவு உருண்டைகளை ஐஸ் விட எடுத்து வைத்தேன்.
ஓவன் தட்டு துடைத்தேன்.
பீட்சா டப்பா தீர்ந்தது. சே. சாரிடம் (சேகர் சார், ஷிப்ட் மேனேஜர்) சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மாரி சொன்னாள்.

இன்று ஒரு சிரிப்பு. ஒரு பெரியவர் பேத்தியோடு வந்தார். பேத்திக்குச் சிவப்புக் கடைக் கோழி, அவருக்கு மஞ்சள் கடை பர்கர். இரண்டையும் ருசி பார்த்துவிட்டுச் சிவப்பு கவுண்டரில் நின்ற மாரியிடம் போனார்.

"ஏம்மா, ஒங்க கோழிய விட அந்த மஞ்சக் கடக் கோழிதான் பதமா இருக்கு. அவய்ங்ககிட்டக் கேட்டுப் படிங்க."

மாரி முகம் மாறாமல், "கேட்டுக்கிறோங்கய்யா" என்றாள்.

இரண்டும் ஒரே கூடையில் பொரித்த கோழி. முன்னால் மூன்று போர்டு, பின்னால் ஒரே அடுப்படி, ஒரே கம்பெனி. சிவப்பு கோழி, பச்சை பீட்சா, மஞ்சள் பர்கர். தலையில் என்ன நிறத் தொப்பியோ அந்தக் கடை ஆள். ஊருக்கு இன்னும் தெரியவில்லை.

போகும்போது பெரியவர், "இதுக்குத் தொட்டுக்கத் தால்சா கெடையாதா?"

"நாளைக்கு வாங்கய்யா, சொல்லி வைக்கிறேன்."

மாரிக்கு எங்கிருந்துதான் வருமோ பேச்சு.

ஜூலை 15, செவ்வாய்

மழை வருகிற மாதிரி இருட்டி, வரவில்லை.

இந்த நோட்டு பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்டு. பாதிக்கு மேல் வெறும் தாள். அம்மாவுக்கு உடம்பு முடியாத வருஷம் பள்ளிக்கூடம் நின்றது. அம்மா தேறிய பிறகு திரும்பப் போயிருக்கலாம். போகவில்லை. இனி எழுந்து நின்று வாசிக்கச் சொல்ல மாட்டார்களே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. யாரிடமும் சொன்னதில்லை.

கடையில் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. லிஸ்ட்டில் எனக்குச் சிவப்பு, மாரிக்குப் பச்சை. சிவப்பு என்றால் முன் கவுண்டர். கதவு திறக்கும்போதெல்லாம் கத்த வேண்டும்: "வாங்க வாங்க, சூடா இருக்கு!" கம்பெனி சட்டம். நான் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. வந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். பாத்ரூமில் போய் நின்று அழுதேன்.

அதுவரை எனக்கு மாரியைத் தெரியாது. கதவைத் தட்டி உள்ளே வந்தாள். என் தலையிலிருந்த தொப்பியை உருவித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அவளுடைய பச்சையை என் தலையில் அமுக்கினாள். "ஏ புள்ள, ஓவனு ஒன்னையப் பேசச் சொல்லாது. போ."

சே. சார் பார்த்தார். "வேல நடந்தாச் சரி. மேல சொல்லிராதீங்க" என்றார். மேலே இருக்கிற லிஸ்ட்டில் பெயர் மாறவில்லை. ஆறு மாதமாக அவள் சிவப்பு, நான் பச்சை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. தூசி. கண்ணாடிக் கதவை மூன்று தடவை துடைத்தும் போகவில்லை.

இன்று இரண்டே பீட்சா. அதில் ஒன்று திரும்பி வந்தது, மேலே ஆனியன் கருகிவிட்டதாம். பச்சைக்கு இந்த ஊரில் ஆள் இல்லை என்று மஞ்சள் கடைப் பையன்கள் பேசிக்கொண்டார்கள். நாளை கோயம்புத்தூரிலிருந்து ஏ.மே. (ஏரியா மேனேஜர்) வருகிறார். பச்சையை மூடப் போகிறார்களாம்.

மூடினால் நான்தானே போக வேண்டும்? சாப்பாட்டு நேரத்தில் மாரியிடம் சொன்னேன்.

"போனாப் போகுது. ஒன்னைய இட்லிக் கடைக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அங்கயும் இட்லி பேசாது."

சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். வேடசந்தூர் நூல் மில்லில் இரண்டு வருஷம் பஞ்சில் நின்றதால். போன வருஷம் மூச்சு விட முடியாமல் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாளாம். இனிமேல் பஞ்சுப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் ஊரில் மில்லை விட்டால் வேறு வேலை இல்லை. இங்கே வந்த பிறகு இன்ஹேலர் எப்போதாவதுதான்.

ஜூலை 18, வெள்ளி

எழுத வேண்டுமா? எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு ஏ.மே. வந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தது. எல்லோரையும் அடுப்படியில் நிற்க வைத்தார். கையில் தாள்.

"வருத்தமான சேதிதானுங்க. பச்சைய ஞாயித்துக்கெழமையோட நிறுத்துறோம். பச்சையில ஒரே ஒரு ஆளுதான் இருக்காங்க." தாளைப் பார்த்தார். "முத்துமாரி யாருங்க?"

சே. சார் தரையைப் பார்த்தார். மாரி சிவப்புத் தொப்பியோடு நின்றாள். நான் பச்சைத் தொப்பியோடு நின்றேன். அந்த ஆள் எங்கள் தலையைக்கூடப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தார்.

மாரி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. பிறகு எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாள்.

"நாந்தாங்க சார்."

"ஷமீமா சிவப்புலயே இருக்கட்டுங்க" என்று தாளில் அடுத்து இருந்த என் பெயரைப் படித்தார் ஏ.மே.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

டைமர் அடித்தது. உருளைக்கிழங்கு. யாரோ போய் எடுத்தார்கள்.

வீட்டில் அத்தா ஜும்மா முடிந்து வந்திருந்தது. "ஒங்க கடையில என்னம்மோ மூடுறாய்ங்களாமே, நீ தப்பிச்சியா?" தலையை ஆட்டினேன். அத்தா கையைத் தூக்கி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றது. அந்த ரோஸ் நிறக் கை.

ஜூலை 19, சனி

தூக்கம் இல்லை. பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சார், பச்சையில் இருந்தது நான்தான். ஆறே ஆறு வார்த்தைகூட இல்லை.

சே. சார் சரக்கு வண்டியில் வந்த பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னம்மா?"

சொன்னேன். சத்தம் வந்தது. நிஜமாகவே வந்தது.

அவர் பேனாவை மூடினார். "எனக்குத் தெரியாதா? தொப்பிய மாத்த விட்டது நாந்தான. சரி. ஏரியா மேனேஜர் சாயங்காலம் வரைக்கும் மதுரையில இருக்காரு. போன் போட்டுப் பேர மாத்தச் சொல்றேன். எனக்கு நாலு திட்டு விழும், வாங்கிக்கிறேன். அப்ப நீ வேலைய விட்டு நின்னுக்கிறியா?"

பெட்டியின் ஓரத்தை நகத்தால் கீறினேன்.

"சொல்லும்மா. நீ நின்னுக்கிறியா?"

அத்தா கை. அம்மா. வீடு. எல்லாம் வந்தது, அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு பேனாவைத் திறந்தார். "போ. மாவ எடுத்து வை."

எல்லோரும் என்னைக் கூச்சக்காரி என்கிறார்கள். இன்று நான் பேசாமல் நின்றது கூச்சத்தால் இல்லை. இதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

கடைசியாகச் செய்த பீட்சா: பன்னீர், சின்னது. ஒரு டீச்சர் வாங்கிப் போனார். ஓவனை அணைத்தேன். ஆற நேரம் ஆனது.

ஐந்து மணிக்கு மாரியோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். அவள் பூக்கடையில் நின்று கதம்பம் வாங்கிப் பாதியைக் கிள்ளி எனக்குக் கொடுத்தாள், எப்போதும் போல.

"மாரி, நேத்து சார்ட்ட..."

"தெரியும். சேகர் சாரு சொல்லிட்டாரு."

"நான்..."

"விடு ஷமீ. அன்னைக்கு நீ சொல்லுவியான்னு செத்த நேரம் பாத்தேன். அம்புட்டுத்தான்."

"நீ ஏன் சொல்லல?"

"தொப்பிய உருவி மாத்துனது நானு. திருப்பி எப்புடிக் கேக்குறது?"

வேடசந்தூர் பஸ் வந்தது. ஜன்னல் சீட்டு பிடித்துவிட்டாள். கை காட்டினாள். நான் கையில் பூவோடு நின்றேன், காட்டினேனா என்று ஞாபகம் இல்லை.

ஜூலை 21, திங்கள்

சிவப்புத் தொப்பி. உள்பக்கம் அவள் தலை எண்ணெய் வாசம். பின்பக்கம் ஒரு ஊக்கு, பெரிய தொப்பியைத் தன் தலைக்குச் சின்னதாக்கக் குத்தியது. எடுக்கவில்லை.

கதவு இன்று எத்தனையோ தடவை திறந்தது. ஒரு தடவையும் சத்தம் வரவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன். சே. சாரே எனக்குப் பதிலாகக் கத்தினார்.

பச்சை போர்டைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக.

ஜூலை 25, வெள்ளி

வெயில். மாரிக்கு மூன்று தடவை போன். எடுக்கவில்லை. நான்காவது தடவை அவள் அம்மா எடுத்தது. "மில்லு வண்டியில போயிட்டாம்மா. திங்கக்கெழமையே சேந்துட்டா. யாரு பேசுறது?"

வைத்துவிட்டேன்.

அம்மா மீன் குழம்பு வைத்திருந்தது. தொட்டுக்க வெஞ்சனமாக முட்டை. எனக்கு இரண்டு. "வேலைக்குப் போற புள்ள" என்று அத்தா தன் தட்டிலிருந்தும் ஒன்று எடுத்து வைத்தது. இறங்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். கவுண்டரில் நல்ல கூட்டம்.

நான்கு மணி இருக்கும். குனிந்து டப்பா எடுத்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கிற சத்தம். என்ன நினைப்பில் இருந்தேனோ, தலையை நிமிர்த்தாமலே,

"வாங்க வாங்க, சூடா இருக்கு!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சே. சார் பார்த்தார். என் சத்தம்தான்.

நிமிர்ந்தேன். மாரி. வேலை ஆட்கள் பின்வாசலில்தான் வருவோம். அவள் முன்வாசலில், வாங்க வந்த ஆள் மாதிரி நின்றாள். மில்லில் இருந்து நேராக வந்திருக்கிறாள். புருவத்தில், முடியில் பஞ்சு. கையில் மடித்த சிவப்பு டி-ஷர்ட். ஒப்படைக்க.

"அடியே, வந்துருச்சே சத்தம்!"

சிரித்தாள். சிரிப்பு இருமலானது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். நான் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். அதற்குள் டி-ஷர்ட்டை என் முன்னால் வைத்துவிட்டு, வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே கதவுக்குப் போய்விட்டாள். வெளியே போயும் இருமினாள். கண்ணாடி வழியாகத் தோள் குலுங்குவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

வரிசை நின்றது. சே. சார் மெதுவாக, "ஷமீமா, அடுத்தவங்க" என்றார்.

"அடுத்தவங்க வாங்க" என்றேன். நன்றாகக் கேட்டது.