பெட்டியில் ஒட்டிய பெயர்

பக்னம்போ, தாய்லாந்து, வியாழக்கிழமை

என் செல்ல மகள் பைலினுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் தைவானில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பு நோகாமல் இருக்க வேண்டும் என்று புத்தரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பாய், இல்லையென்றால் திட்டுவாய். இது முழுதாகக் கேட்க வேண்டிய சங்கதி. முதலில் ஒன்று சொல், சென்ற செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு உனக்குக் காய்ச்சல், அடி, மயக்கம் என்று எதுவும் இல்லையே?

ஆற்றோரம் பிளைவுட் ஆலை வைத்திருக்கும் முதலாளி சியா கம்ஜோனை உனக்குத் தெரியும். அவருடைய மகன் மோட்டார் சைக்கிளில் விழுந்து இரண்டு மாதமாக நினைவில்லாமல் கிடக்கிறான். அநாதைப் பிணங்களுக்குத் தொண்ணூற்றொன்பது சவப்பெட்டி தானம் செய்யுங்கள் என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம், நான் வேலை பார்க்கும் தர்மச் சங்கத்துக்கு வண்டி வண்டியாக வந்து இறங்கிவிட்டன. தானம் கொடுப்பவர்கள் இளஞ்சிவப்புச் சீட்டில் பெயரையும் வேண்டுதலையும் எழுதிப் பெட்டியில் ஒட்டுவார்கள், பெட்டி வெளியே போகும்போது நான் அதை உரித்து ஊதுவத்திக் கலயத்தில் எரித்துவிடுவேன், உயிரோடு இருப்பவர் பெயர் பிணத்தோடு போகக் கூடாது. சியா சீட்டெல்லாம் ஒட்டவில்லை. பெட்டியின் இரண்டு பக்கமும் ஆலையின் பெயரையும் போன் நம்பரையும் சிவப்புப் பெயிண்டில் போட்டே அனுப்பிவிட்டார். நகராட்சித் தேர்தலில் நிற்கவும் போகிறார். "செத்தவனா போன் பண்ணிப் பலகை வாங்கப் போறான்?" என்று உன் அப்பா கேட்டார். ஆனால் அந்த மனுஷர் தினமும் காலையில் வந்து ஒவ்வொரு பெட்டியையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். "வண்ணா, நேத்து எத்தனை போச்சு?" என்று கேட்பார். பெட்டி தீரத் தீர மகன் எழுந்துவிடுவான் என்று நம்பிக்கை. ஒருநாள் ஒன்றும் போகவில்லை என்றேன், "அடச்சே" என்றவர், தான் எதற்கு வருத்தப்படுகிறோம் என்று அவருக்கே உறைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை லமாய் அக்கா வந்தார், ஆலை வாசலில் வாழைப்பழம் சுட்டு விற்பாரே அவர்தான். அவருடைய புருஷன் பூன்சோங் அன்று விடியற்காலையில் போய்விட்டார். நாள்கணக்கில் பிக்குகளை வைத்து ஓதச் செய்யவும் வசதியில்லை, அன்றைக்கே எரிக்க வேண்டும், ஒரு பெட்டி வேண்டும் என்றார். கூடத்துக்குள் கூட்டிப்போனேன். சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "பத்தொன்பது வருஷம் முதுகுல இந்தப் பேர் போட்ட சட்டையோடதான் போனாரு வந்தாரு. தூசி தின்னு இருமல் வந்ததும் வீட்டுக்குப் போன்னுட்டாங்க. இப்ப படுத்த பிறகும் இந்தப் பேராம்மா? வேணாம் தங்கச்சி. பாயில சுத்திக் கொண்டுபோறேன்" என்றார். வெள்ளைத் துணி சுற்றி மறைத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். "ஊருக்கு மறையும். எனக்கு?" என்று கேட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். மனிதரைப் பாயில் சுற்றி எரிக்க விடுவதா? எழுத்தில்லாத பழைய பெட்டிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன, ஒன்றே ஒன்றைத் தவிர.

அது நான் கொடுத்தது. சொங்க்ரான் புத்தாண்டுச் சமயத்தில் உன் அப்பாவுக்குக்கூடச் சொல்லாமல் கொடுத்தேன். "பைலின், தைவானில் நோய் நொடி இல்லாமல் இருக்க" என்று நானே சீட்டு எழுதி ஒட்டினேன். கொடுத்தேனே தவிர, உன் பெயர் ஒட்டிய பெட்டியில் ஒரு பிணத்தை வைக்க மனசு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அதைப் பின்னால் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுப்பேன். தானமும் செய்வேன், பெட்டியையும் விடமாட்டேன், எப்படி இருக்கிறது உன் அம்மாவின் புண்ணியம்? சியாவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் ஏது. அன்றைக்கு அதை இழுத்து வெளியே வைத்தேன். மழை வேறு பிடித்துக்கொண்டது, வண்டிக்காரர் அவசரப்படுத்தினார், தூக்கி ஏற்றிவிட்டோம். நாலு மணிக்கு ஊதுவத்தி ஏற்றப் போனபோதுதான் உன் சீட்டை உரிக்காமலே அனுப்பிவிட்டேன் என்பது உறைத்தது.

வாடகை மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டே, பிணம் எரிக்கும் விகாரைக்கு ஓடினேன். புகை போய்க்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், என் பிள்ளையின் பெயரை நானே நெருப்பில் வைத்துவிட்டேனே என்று. லமாய் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புருஷனை எரித்துக்கொண்டிருந்தவர் எனக்குக் கண் துடைத்தார், வெட்கக்கேடு. "சீட்டைப் பார்த்தேன் தங்கச்சி. உரிக்கத்தான் கை போச்சு. படிச்சதும் விட்டுட்டேன். அவர்கிட்ட சொல்லித்தான் அனுப்பியிருக்கேன். இந்தப் புள்ள குடுத்த பெட்டியிலதான் போறீங்க, தைவான்ல தனியா இருக்கா, போற வழியில ஒரு எட்டு பார்த்துட்டுப் போங்கன்னு" என்றார்.

கொடுக்கிறவன் எல்லாம் வியாபாரிதான் அம்மா என்று போன மாதம் சொன்னாயே. சரிதான், நானும்தான். உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதற்குத்தான் கொடுத்தேன், இன்னொரு பெட்டி கொடுத்தாலும் அதற்காகத்தான் கொடுப்பேன். சியாவின் மகன் இன்னும் கண் திறக்கவில்லை, லமாய் அக்கா ஏன் ஆலைப் பெட்டியை வேண்டாம் என்றார் என்று மறுநாள் சியாவிடம் சொன்னேன், அன்று எந்தப் பெட்டியையும் தொடாமலே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பெட்டிகளில் சிவப்பு எழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு எதையும் எதிர்பார்க்காமல் கொடுத்தவர் லமாய் அக்கா ஒருவர்தான், அதுவும் எனக்கு.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள், இரவு வேலை முடிந்து தனியாக நடக்காதே. எல்லாத் தெய்வமும் உன்னோடு நிற்கட்டும். கடிதம் கிடைத்ததும் லமாய் அக்காவுக்கு ஒரு போன் போடு, நம்பர் பின்பக்கம் இருக்கிறது. தன் புருஷன் அங்கே வந்தாரா என்று கேட்பார். சிரிக்காமல், வந்தார் என்று சொல்.

உன் அம்மா
வண்ணா