அப்பாவின் குரலில் அழைப்பு வந்தால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இறைவன் விட்டுவைத்த அளவில் உயிரோடும் உணர்வோடும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை கூசுவதால் அந்தச் சொல்லை உனக்காக மட்டும் வைத்துக்கொள்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குறைவின்றி நலமாயிருக்க நாளும் வேண்டுகிறேன். கைப்பேசி இருக்க இவள் ஏன் தாளும் பேனாவுமாய் உட்கார்ந்துவிட்டாள் என்று நீ நினைப்பாய். என் மின்னஞ்சல் இப்போது என் கையில் இல்லை, தொலைபேசிக் குரலையும் இனி நம்புவதற்கில்லை. என் பெயரில் உனக்கு ஏதாவது வந்திருந்தால், அதிலுள்ள எதையும் அழுத்தாமல் அழித்துவிடு. உன் இருமலைப் பற்றி ஒரு வரிகூட அதில் இருந்திராது. அதைக் கொண்டே அது நான் எழுதியதில்லை என்று நீ தெளிந்திருப்பாய். இருமல் எப்படி இருக்கிறது? குளிர்ந்த நீரைத் தொடாதே.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. அப்பாவின் குரல்வளையை எடுப்பதற்கு முன், நீ வாங்கி அனுப்பிய ஒலிவாங்கியின் எதிரே அமர்ந்து அவர் நாள்தோறும் பேசிப் பதிந்ததும், அறுவைக்குப் பின் அவர் விசைப்பலகையில் தட்டுவதைக் கணினி அவர் குரலிலேயே பேசிவந்ததும் நீ அறிந்தவை. அந்தப் பதிவுகளை நான் எப்படி அடுக்கினேன் என்பது நீ அறியாதது. பாட்டுக்குத் திணையும் துறையும் வகுத்துப் பாடம் சொன்னவள் அல்லவா, இதற்கும் வகுத்தேன். உறவுக்கு ஒரு கோப்புறை, ஒவ்வொன்றின் மேலும் அவர்களுடைய பெயர், அப்பா அவர்களை அழைக்கும் செல்லப்பெயர், தொலைபேசி எண். உன்னைச் சிட்டு என்று அழைப்பது ஓரிடத்தில், உன் அத்தையை வாயாடி என்று சீண்டுவது வேறிடத்தில். யார் வந்தாலும் அவர் தேடித் தடுமாறக்கூடாது என்று எண்ணினேன். திருடனும் தடுமாறவில்லை.

ஒரு காலை அந்தப் பேசும் மென்பொருள் திறக்க மறுத்தது. முந்தைய நாள் கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டதன் விளைவு அது என்று பிறகு தெரிந்தது. காத்திருந்தால் அல்லது ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் போதுமாம். ஆனால் அப்பா தட்டுகிறார், ஒலி இல்லை; மறுபடி தட்டுகிறார், ஒலி இல்லை; என்னைத் திரும்பிப் பார்த்தார். மருத்துவர் நோயைச் சொன்ன நாளில்கூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை. அந்த மென்பொருளின் பெயரோடு உதவி எண் என்று இணையத்தில் தேடினேன், எல்லாவற்றுக்கும் மேலே வந்த முதல் எண்ணை அழைத்தேன். முதலில் வருவது விளம்பரம், அதை எவரும் காசு கொடுத்து இடலாம் என்பது எனக்கு எங்கே தெரியும்? எடுத்தவன் நம் மொழியில், எவ்வளவு பணிவாகப் பேசினான் தெரியுமா. "பதறாதீங்கம்மா, நான் பார்த்துக்கிறேன். அப்பாவைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்க" என்றான். அவன் சொன்ன செயலியை நிறுவினேன். தொலைவிலிருந்து கணினியை இயக்குவதற்கானது அது. திரையில் அம்பு தானே ஊர்ந்து ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தது. "குரல் எல்லாம் எங்கம்மா வச்சிருக்கீங்க?" என்றான். காட்டினேன். "அடேயப்பா, நூலகம் மாதிரி அடுக்கியிருக்கீங்களே" என்றான். மகளே, அந்தப் பாராட்டில் எனக்கு மனம் குளிர்ந்தது. சிறிது நேரத்தில் மென்பொருள் திறந்தது. அப்பா முதன்முதலாகத் தட்டியது அவனுக்கான வாழ்த்து. "ரொம்ப நன்றி தம்பி, நீங்க நல்லா இருக்கணும்" என்று அவருடைய குரல் அவனை வாழ்த்தியது. "குரல் கம்பீரமா இருக்குப்பா" என்று சிரித்தான் அவன். சுத்தம் செய்கிற வேலை ஓடுகிறது, மாலை வரை கணினியை அணைக்கவோ தொடவோ வேண்டாம் என்று சொல்லி வைத்தான். நாள் முழுதும் பெட்டியின் விளக்கு விடாமல் மினுங்கியது. என்ன அக்கறையான பிள்ளை என்று நான் வழிபாட்டில் அவனையும் சேர்த்துக்கொண்டேன். மாலையில் பார்த்தால் கோப்பு ஒவ்வொன்றின் பெயரும் பொருளற்ற எழுத்துகளாய் மாறியிருந்தது, எதுவும் திறக்கவில்லை, எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், திறக்கவேண்டுமானால் பணம் என்று திரை நிறைய ஓர் அறிவிப்பு.

முனைக் கடையில் கணினி பழுதுபார்க்கும் பெண்ணை அழைத்துவந்தேன். திருப்புளியைக் காதில் செருகிக்கொண்டே பேசும் துடுக்குக்காரி அவள். வந்ததும் இணையக் கம்பியைப் பிடுங்கினாள். "இன்னொரு பிரதி வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள். ஏன் இல்லை என்று பெருமையோடு கணினியின் பக்கத்திலிருந்த சேமிப்பு வட்டைக் காட்டினேன். "இதை எப்பவும் சொருகியே வச்சிருந்தீங்களா?" "எப்போதும்தான்." அவள் வட்டைக் கழற்றிக் கையில் எடுத்தாள். பிறகு, "அப்போ இது பிரதி இல்லம்மா, அதே வீட்டுல இன்னொரு அறை. அவன் ரெண்டுக்குள்ளயும் போயிட்டான்" என்றாள். மூலத்தையும் உரையையும் ஒரே அட்டைக்குள் கட்டிவைத்தே பழகிய கை இது; ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தால்தான் காப்பு என்பது எந்த நூலிலும் நான் படிக்காதது. பூட்டைத் திறக்கும் வழி உண்டா என்று அவள் வட்டை எடுத்துப்போய்ப் பார்த்தாள். இல்லை. பணம் கொடுத்தாலும் திறப்பான் என்பதற்கு உறுதி இல்லை, கொடுத்தவர்களிடமே மறுபடி வருவான் என்று அவளும் சொன்னாள், காவல் நிலையத்திலும் சொன்னார்கள். பழைய கைப்பேசி ஒன்றில் யாருடையதோ ஒரு குரலை ஏற்றிக்கொடுத்தாள். அப்பா அதில் காபி வேண்டும் என்று தட்டினார். ரயில் வருகையை அறிவிப்பதுபோல் அது அறிவித்தது. எந்த நடைமேடைக்கு என்று நான் கேட்டேன். தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அதை மேசை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டார். இப்போது அவருக்கு எழுத்துப்பலகைதான்.

இத்தோடு முடிந்திருந்தால் இழப்பு என்று பெயரிட்டு ஆறியிருப்பேன். பழம்பாட்டில் எத்தனையோ பிரிவு பாடியிருக்கிறார்கள், கடல் கடந்தவனையும் களத்தில் பட்டவனையும். எதிரே உட்கார்ந்திருப்பவரைக் களவு கொடுத்தவளைப் பாடியதாக எனக்கு நினைவில்லை. உன் அத்தை ஒரு நாள் அழுதுகொண்டே அழைத்தாள், மகிழ்ச்சி அழுகை. "அண்ணி! அண்ணன் பேசிட்டாரு! ஏய் வாயாடின்னு கூப்பிட்டாரு அண்ணி! என்கிட்ட மறைச்சிட்டீங்களே, பாவி" என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அப்பா இங்கே நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். புதிதாய் ஒரு சிகிச்சையில் குரல் திரும்பிவிட்டது, வீட்டில் சொல்லாதே, திடீரென்று பேசி அசத்தப்போகிறேன், மருத்துவமனைக்குக் கட்டவேண்டும், உன் கைப்பேசிக்கு வங்கியிலிருந்து வரும் எண்ணைச் சொல் என்று அந்தக் குரல் கேட்டிருக்கிறது. வந்த எண்ணையெல்லாம் சொல்லியிருக்கிறாள். பதிவுகளைப் பூட்டியதோடு நில்லாமல் அவற்றை எடுத்துப்போய், அப்பா ஒருநாளும் சொல்லாதவற்றை அப்பாவின் குரலில் சொல்லவைக்கிறார்கள். இப்போது அதற்கெல்லாம் கருவி இருக்கிறதாம். நான் உண்மையைச் சொன்னேன். "போனது போகட்டும் அண்ணி. அது அண்ணன் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். மாமா அவளிடமிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டு, வங்கிக்கு ஓடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். அப்பாவிடம் சொன்னபோது பலகையை எடுத்தார், எழுதினார், எனக்குக் காட்டாமலே அழித்தார்.

இனி நான் சொல்லவந்தது. இன்று பிற்பகல் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அப்பா எனக்கு எதிரே, அறுவையில் இட்ட கழுத்துத் துளையின் மேல் கட்டும் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார். எடுத்தேன். "நான்தான். சாப்பிட்டியா?" என்றது. அந்தச் சொல்லின் கடைசியில் அவர் குரல் கொஞ்சம் இறங்குமே, அதே இறக்கம். எதிரே அவர் வாய் மூடியபடி இருக்கிறது, கத்தரிக்கோல் ஓடுகிறது. பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும், உன் அத்தைக்கு நடந்ததும் தெரியும். தெரிந்தும் "சாப்பிட்டேன்" என்றேன். ஓதிய மறையும் கற்ற தமிழும் அந்த ஒரு சொல்லுக்குக் குறுக்கே நிற்கவில்லை மகளே. வங்கி எண்ணைக் கேட்டது. நான் சொல்லவில்லை; ஆனால் வைக்கவும் இல்லை. அது கெஞ்சியது, பிறகு அதட்டியது, என்னை உன் அப்பா என்றுமே அதட்டியதில்லை, அப்போதும் காதைவிட்டு எடுக்காமல் கேட்டுக்கொண்டே நின்றேன். என் முகத்தைப் பார்த்து அப்பா எழுந்துவந்தார். தொலைபேசியை என் கையிலிருந்து விடுவித்துத் தன் காதில் வைத்தார். தன் குரலைத் தானே சற்று நேரம் கேட்டார். உறங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் அதை மெல்ல வைத்தார், சுவரிலிருந்து கம்பியைக் கழற்றினார். பலகையில், "சிட்டுக்கும் வரும். இன்னைக்கே எழுது" என்று எழுதி என் முன்னால் நிறுத்தினார்.

ஆகவே எழுதுகிறேன். அப்பா இனி எந்தத் தொலைபேசியிலும் பேசமாட்டார். பேசினால் அது அப்பா அல்லர். எவ்வளவு கனிவாய்ப் பேசினாலும், சிட்டு என்று அழைத்தாலும், அழுதாலும், வைத்துவிடு. ஒரு சொல்லும் மறுமொழியாகச் சொல்லாதே, ஒன்று சொன்னால் வைக்க வராது. உன்னால் முடியாவிட்டால் மாப்பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அறையைவிட்டு வெளியே போ. நாங்கள் காணொளியில் மட்டும் அழைப்போம். நீ என் குரலைக் கேள், அப்பாவின் கையசைப்பைப் பார். உன் கடவுச்சொற்களை இன்றே மாற்று, எல்லாவற்றுக்கும் ஒன்றையே வைக்காதே. பிறகு ஒரு வேலை: உன் கைப்பேசியில் அப்பா எப்போதோ அனுப்பிய குரல் செய்தி ஏதாவது கிடக்கும், இருமலோ கோபமோ எதுவானாலும் சரி. இணையத்தில் அனுப்பாதே. ஒரு வட்டில் எடு, கழற்று, பெட்டியில் வை, வரும்போது கையில் கொண்டுவா. ஒன்றும் இல்லையென்றால் அதையும் ஒளிக்காமல் எழுது.

கேட்பதற்குக் குரல் வேண்டாத இறைவன் அப்பாவின் உதட்டசைவையும் என் கண்ணீரையும் ஏற்று, உன் வீட்டு வாசலைக் காக்கட்டும். குழந்தைக்கு நோயற்ற நெடுவாழ்வு அருளட்டும். மருந்தை வேளை தவறாமல் குடி. அத்தைக்கு நீயே ஒரு கடிதம் எழுது, அவள் யாருடைய அழைப்பையும் இப்போது எடுப்பதில்லை. இக்கடிதம் சேர்ந்ததும் மறுமொழியைக் கையாலேயே எழுதி அனுப்பு. கீழே அப்பா தாமே ஒரு வரி எழுதுகிறார்.

உன் நலனே நினைந்திருக்கும்,
அம்மா

இது என் கைதான், சிட்டு.
அப்பா