உட்கரு நடுவில் இருந்தது

கொரட்டூர்,
11.7.1993

அன்புள்ள நைனாவுக்கு வனஜா எழுதுவது.

அம்மாவும் தங்கையும் நலம். பேபிக்கு ப்ளஸ் ஒன் வகுப்பு தொடங்கிவிட்டது. ராஜஸ்தானில் ராணுவ டாங்கி சோதனை முடிய இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்று உங்களோடு வேலை பார்க்கும் லட்சுமணன் அண்ணன் வீட்டில் சொன்னார்கள். இங்கே ஒரு நாள் மழை. ஏரியில் பாதித் தண்ணீர்தான்.

அம்மா கார்டு போட்டிருப்பாள். பூந்தமல்லியில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் பரந்தாமனுக்கு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பேபியைக் கொடுப்பது என்று. அவருக்கு முப்பது வயது. உங்கள் சம்மதம் வந்ததும் தட்டு மாற்றுவார்களாம்.

கார்டில் இல்லாதது ஒன்று. அவர்கள் முதலில் கேட்டு வந்தது என்னை. மீன் பண்ணை வேலையை விட மாட்டேன் என்றேன். அவர்கள் எழுந்திருக்கும்போது பேபி காபி டம்ளர்களை எடுக்க வந்தாள். அவ்வளவுதான், பேச்சு அவள் பக்கம் திரும்பிவிட்டது.

"பதினாறு ஆயிடுச்சு, இன்னும் இன்னா?" என்கிறாள் அம்மா. சட்டம் பதினெட்டு என்றேன். "சட்டமா வந்து சோறு போடப் போவுது?" என்றாள்.

என் வேலையைப் பற்றி நீங்கள் கேட்டதில்லை. இன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ரோகு மீன் குளத்தில் தானாக முட்டையிடாது. வேறு மீனின் மூளைக்கு அடியில் கடுகளவு இருக்கும் சுரப்பியை எடுத்து அரைத்து, தாய்மீனுக்கு ஊசி போடுவோம். அதிலுள்ள புரதம்தான் செய்தி. அது ரத்தத்தில் போய், முட்டையைச் சுற்றியுள்ள செல்களைச் சேரும். அவை அதை வேறொரு செய்தியாக்கி உள்ளே அனுப்பும். அதன் பிறகே முட்டைக்குள் அடங்கிக் கிடக்கும் இன்னொரு புரதம் விழிக்கும். முட்டை முதிரும். ஆனால் கேட்கும் அளவுக்கு முட்டை வளர்ந்திருக்க வேண்டும். அதற்கு முன் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் வீண்.

ஊசிக்கு முன் சில முட்டைகளை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். உட்கரு நடுவை விட்டு ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் தயார்.

போன செவ்வாய்க்கிழமை. உட்கரு நடுவில் இருந்தது. பார்த்தேன். மறுநாள் மேலதிகாரி வருகிறார், முட்டை காட்ட வேண்டும். ஊசி போட்டேன். ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று, இரண்டு மடங்காக. மீனைப் பிடித்துக்கொண்டிருந்த சின்னசாமி, "இன்னா மேடம், ஆபீசர் வர்றது மீனுக்குத் தெரியுமா?" என்றார். சிரித்தோம்.

காலையில் வயிற்றை அழுத்தினேன். முட்டை வரவில்லை. ரத்தம் வந்தது. பத்து மணிக்குள் செத்துவிட்டது. நோய் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்ததை உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அன்று மாலை பேபி ரெக்கார்டு நோட்டில் செம்பருத்திப் பூ வரைந்துகொண்டிருந்தாள். தலை தூக்காமல் கேட்டாள்: "அக்கா, கட்டிக்கினா அவங்க ஊட்ல பரீட்சை எழுத உடுவாங்களா?"

பேபி மீன் இல்லை. தெரியும். ஆனால் பார்த்துவிட்டும் பார்க்காததுபோல் இருப்பது இன்னொரு முறை என்னால் முடியாது.

அம்மா உங்கள் சொல்லைத் தாண்ட மாட்டாள். இப்போது வேண்டாம் என்று ஒரு வரி போதும். அவள் பெயருக்கே எழுதுங்கள்.

"பேபிக்குப் பதில் நான்" என்று தொடங்கும் இரண்டு வரிகளை இதற்கு மேலே எழுதிவிட்டு, கோடு போட்டு அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டாம், நைனா.

உங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்
மகள்,
வனஜா